கரையிறங்கிய பிறகு முப்பத்தெட்டு நாள்

உகாண்டாவுக்குக் கடல் கிடையாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. சரக்குக் கப்பல் முகவர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். தெரிந்தும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், என் கைப்பைக்கு ஜிப் மாற்றிக் கொடுத்துப் பழக்கமானவர். உகாண்டாவில் ஒரு பள்ளிக்கு ஆயிரத்து இருநூறு பைகள் தைக்க அவருக்கு ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றிலும் பள்ளியின் சின்னம் அச்சிட வேண்டும். பிப்ரவரி மூன்றாம் தேதி பள்ளி திறக்கும். அதற்குள் வராவிட்டால் எடுக்க மாட்டார்கள். சின்னம் போட்ட பையைத் தாதர் நடைபாதையில்கூட விற்க முடியாது. மழைக்காலத்துக்குப் பிறகு வந்த உள்ளூர் வேலையை எல்லாம் வேறு ஆளுக்கு விட்டுவிட்டு இதை எடுத்திருந்தார்.

எப்போது அனுப்பலாம் என்று என்னிடம் கேட்டார்.

"கென்யாவில இருக்கற மொம்பாசா துறைமுகத்துக்கு இங்கேயிருந்து பதினாலு நாள். ஜனவரி எட்டாம் தேதி கப்பல் ஏத்தினா தாராளம்" என்றேன்.

"கப்பல்லருந்து இறக்குன பொறவு, சார்?"

"அப்புறம் என்ன, லாரி. ரோடு நன்னாத்தான் இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு, டிசம்பர் ஆறாம் தேதியே பைகளை நாற்பது பெட்டிகளில் கட்டிக் கப்பலேற்றிவிட்டார். எனக்கு எரிச்சல். ஒரு மாதம் முன்னால் போய் அங்கே குடோன் வாடகை தண்டம் அழ வேண்டுமா என்று கேட்டேன்.

"பட்டறையில இடமில்ல சார். பயலுவ பெட்டி மேலதான் படுக்கானுவ."

பட்டறையிலிருந்து பெரிய சாலையான நைன்டி ஃபீட் ரோட்டுக்கு நூற்று நாற்பத்து மூன்று எட்டு வைக்க வேண்டும், நானே எண்ணியிருக்கிறேன். அந்தச் சந்தில் சைக்கிள்கூட நுழையாது. நாற்பது பெட்டியும் தலைச்சுமையாக வந்தன. ரோட்டிலிருந்து துறைமுகம் போக டெம்போவுக்குக் கொடுத்ததைவிட, சந்தைத் தாண்டக் கொடுத்த கூலி அதிகம். பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

பதினாலாம் நாள் கப்பல் சேர்ந்தது. கையிலிருந்த காபியை வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். "சேர்ந்தாச்சு."

"பள்ளிக்கூடத்துக்கா சார்?"

"துறைமுகத்துக்கு."

"அது நைன்டி ஃபீட் ரோடுலா. சந்துக்குள்ள எப்பம் போவும்?"

இருபது நாள் பெட்டிகள் அங்கேயே கிடந்தன. உள்நாட்டிலிருந்து திரும்பும் லாரிக்குச் சுமை கிடைப்பதில்லையாம்; காலியாக வரும் செலவையும் போகிற சரக்கின் தலையில்தான் கட்டுவார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளும் சரக்காகப் பார்த்து, லாரி நிறையும்வரை காத்திருக்க வேண்டும். கிளம்பிய லாரி எல்லையில் ஒன்பது நாள் வரிசையில் நின்றது. லாரி எங்கே நிற்கிறது என்று நான் தினமும் ஐந்து முறை போனில் பார்த்தேன்.

"ஏன்னா, லாரியை நீங்க இங்கேயிருந்து தள்ளறேளா?" என்றாள் மனைவி.

ஜனவரி இருபத்தேழில் பைகள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. கடலில் பதினாலு நாள், கரையிறங்கிய பிறகு முப்பத்தெட்டு. என் தேதியில் அனுப்பியிருந்தால் பள்ளி திறந்து இருபத்தாறு நாள் கழித்துப் போயிருக்கும். இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

மறுநாள் அவர் என் வீட்டுக்கு ஐம்பத்து நான்கு படியேறி ஒரு டப்பா பேடாவும், சின்னம் போட்ட பை ஒன்றும் கொண்டுவந்தார். கூட வந்த பக்கத்துப் பட்டறைக்காரரிடம் என்னைக் காட்டினார்.

"சார் கணக்கு போட்டுத் தந்துதான் அனுப்புனேன். ஒரு வாரம் மிச்சத்துல போய் நின்னுட்டு. இவுகளுக்கும் ஜாம்பியாவுக்கு ஒரு ஆர்டர் இருக்கு, சார்."

ஜாம்பியாவுக்கும் கடல் கிடையாது. அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி எதுவும் இல்லை. மறுக்க மூன்று முறை வாயெடுத்தேன். மூன்றாவது முறை மனைவி காபியோடு வந்துவிட்டாள்.

வந்தவரிடம், "உங்க பட்டறையிலேர்ந்து ரோட்டுக்கு எத்தனை எட்டு?" என்று கேட்டேன்.

"எண்ணல்லியே, சார்."

"எண்ணிண்டு வாங்கோ. அப்புறம் கப்பலைப் பத்திப் பேசலாம்."

திருநெல்வேலிக்காரர் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.