நின்றுபோன பீப்பாய்

2006 மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை எட்டரை மணிக்குப் பிராங்பேர்ட்டில் ரயில் ஏறினேன். பாட் குரோய்ஸ்நாக் வரை ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். பயணச்சீட்டு பன்னிரண்டு யூரோ சொச்சம். மைன்ஸ் தாண்டியதும் சரிவுகளில் திராட்சைக் கொடிகள் வரிசைகட்டி ஏறின. அவற்றை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் கைப்பேசி மூன்று முறை அடித்தது. மூன்றும் இரத்தினம் அண்ணன்தான்.

"தம்பி, ஏறிட்டீங்களோ?"

"மைன்ஸ் வந்திட்டுதோ?"

மூன்றாவது முறை, "சும்மா எடுத்தனான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரத்தினம் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். மென்பொருள் வேலைக்காகச் சேலத்திலிருந்து வந்த எனக்கு, பிராங்பேர்ட் தமிழ்க் கடையில் அரிசி மூட்டை தூக்கும்போது பழக்கமானவர். நாஹே ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், ஹெல்கா என்ற அம்மாளின் திராட்சைத் தோட்டத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை. போன அறுவடையில் ஹெல்கா விழுந்து கையை முறித்துக்கொண்டதால், ஒரு பீப்பாய் வைனை முழுக்க இவர் பொறுப்பில் விட்டுவிட்டார். அதை இன்று முதன்முதலாக வெளியாட்கள் சுவைக்கப் போகிறார்கள். பிடித்திருந்தால் தனியாகப் புட்டிகளில் அடைப்பார்கள். இல்லாவிட்டால் மற்றதோடு கலந்து மலிவாக விற்றுவிடுவார்கள். அவர் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் அன்று வேலை. "எங்கட ஆள் ஒருத்தர் பக்கத்தில நிண்டால் போதும்" என்று என்னை அழைத்திருந்தார்.

பத்து மணிக்கு அவருடைய பழைய வேனில் ஏறினேன். ஊருக்கு ஆறு கிலோமீட்டர். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினார்.

"தம்பி, ஒரு பிழை நடந்திட்டுது. மார்கழிக் குளிரில நொதிக்கிறது இடையில நிண்டு போச்சு. இனிப்பு மிஞ்சிட்டுது. ஹெல்கா இனிப்பில்லாத வைன் மட்டும்தான் செய்யிறவ."

"அவங்ககிட்ட சொல்லலையாண்ணே?"

"திரும்பத் தொடங்கும், தொடங்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். பிறகு சொல்ல வாய் வரேல்லை. அவவும் கேக்கேல்லை."

வண்டியை மறுபடி கிளப்பினார்.

பதினொரு மணி. ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் ஒன்பது மேசைகள். மேசைக்கு ஒரு சிறு தோட்டக்காரர். நுழைவுக் கட்டணம் எட்டு யூரோ. கையில் ஒரு கண்ணாடிக் கோப்பையைத் தந்துவிடுகிறார்கள். முதல் மேசையில் சுவைத்த வைனில் பச்சை ஆப்பிள் வாசம். நான்காவது மேசையில், மழை நனைத்த கல்லை நக்கியதுபோல ஒன்று. மற்றவர்களைப் பார்த்து நானும் வாயில் சுழற்றி வாளியில் துப்பினேன். நம்மூரில் மதுக்கடை என்றால் கம்பிக்குள் கையை நீட்டி வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்போம். இங்கே குடும்பம் குடும்பமாக வந்து, எந்தச் சரிவு, என்ன மண் என்று விசாரிக்கிறார்கள்.

இரத்தினம் அண்ணன் துடைத்த கோப்பைகளையே மறுபடி துடைத்தார். வேன் பூட்டியிருக்கிறதா என்று இருமுறை போய்ப் பார்த்துவந்தார்.

பன்னிரண்டரைக்கு மைன்ஸில் உணவகம் நடத்தும் நரைமீசைக்காரர் ஒருவர் வந்தார். அண்ணனின் வைனைச் சுவைத்தார். துப்பவில்லை, விழுங்கினார். பக்கத்தில் ஹெல்கா.

"இனிப்பை எவ்வளவு சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்! எப்படிக் கணித்தீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

சிரித்துத் தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். எங்கள் அலுவலகமாக இருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன். அண்ணன் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார்.

"நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றுவிட்டது. இவரிடம் நான் சொல்லவும் இல்லை."

நரைமீசைக்காரர் ஹெல்காவைப் பார்த்தார். ஹெல்கா அண்ணனைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும். நிலவறைச் சாவி என்னிடமும் இருக்கிறது. பிப்ரவரியிலேயே குடித்துப் பார்த்தேன். நீயாக வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன்."

பிறகு விருந்தாளியிடம் திரும்பி, "வைன் நன்றாக இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

"நன்றாக இருக்கிறது. அடைத்ததும் இரண்டு பெட்டி எனக்கு."

அவர் நகர்ந்ததும் ஹெல்கா அண்ணனை வெளியே கூட்டிப்போனார். கண்ணாடிக் கதவு வழியே அவர் விரல் ஆடுவதும் அண்ணன் தலை குனிவதும் தெரிந்தன. அந்த நேரத்தில் அண்ணனின் வைனை ஊற்றிக் குடித்தேன். முதலில் பல் கூசும் புளிப்பு. அது அடங்கியபின் மெல்ல ஓர் இனிப்பு. அன்று நான் துப்பாமல் விழுங்கிய ஒரே வைன் அதுதான்.

நாலு மணி ரயிலுக்காகக் கிளம்பினோம். வேனில் அண்ணன் சொன்னார்: "தனியா அடைக்கிறாவாம். ஆனா நல்லா ஏசிப்போட்டா. இத்தனை மாசம் தன்னை முட்டாளாக்கினனாம்."

"அடுத்த அறுவடைக்கும் ஒரு பீப்பாய் உங்களுக்கு உண்டாண்ணே?"

இண்டிகேட்டர் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது.

"கேக்கலையா?"

"எந்த முகத்தோட கேக்கிறது?"

"வண்டியத் திருப்புங்கண்ணே."

"உங்கட ரயில்?"

"அடுத்ததுல போறேன்."

திருப்பினார். கூடத்து வாசலில் இறங்கி உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. வேனுக்குள் உட்கார முடியாமல் நானும் இறங்கிச் சாலையில் முன்னும் பின்னும் நடந்தேன். என் ரயில் போயிருக்கும் நேரம் கடந்தது.

கதவு திறந்தது. துப்பும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள் போல.

"ஓம் எண்டவ, தம்பி. ஆனா கிழமைக்கு ஒருக்கால் வைனைக் கொண்டுபோய்க் காட்டோணுமாம்."

குழாயடியில் குனிந்து வாளியைத் தேய்க்கத் தொடங்கினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரல் வந்தது:

"அடுத்த முறை நானே நிப்பாட்டுவன்."