ஆள் மாறாத அம்மா

தையல்காரி பிளவுஸ் தைத்தால் அளவு மயிரிழை பிசகாது. வாய்தான் ஓட்டை. காப்பகத்திலிருந்து மூன்று வயது மகளைத் தத்தெடுத்து வந்த அன்று, வாசற்படி தாண்டுவதற்குள் குட்டி அவளை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டாளாம். தெரு முழுக்க அதைத் தம்பட்டம் அடித்தாள். பன்னிரண்டு வருடம் பிள்ளைக்காகக் காத்திருந்தவள், அடித்துவிட்டுப் போகட்டுமே!

மறுநாள் பட்டன் கொண்டுவந்தவளையும் குட்டி "அம்மா" என்றாள். அளவு கொடுக்க வந்த யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆறு மணியானால் கதவோரம் போய் நிற்பாள். தினமும் இதே கூத்து.

மனசு கேட்காமல் தையல்காரி காப்பகத்துக்கே போய் ஆயாவிடம் கேட்டாள்.

"ஆறு மணிக்கு எங்களுக்கு ஆள் மாறும்மா. அடுத்து வர்ற அம்மாவுக்காக நிக்குது. பதினாலு புள்ளைங்களுக்கு ஒருத்தி. அழுதா யாரைன்னு தூக்குறது? அதுங்களும் கொஞ்ச நாள்ல அழறத விட்டுடும்" என்று சொன்ன ஆயா, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தையல்காரிக்குச் சுரீரென்றது. போன வாரம் ஊசி குத்தி ரத்தம் வந்தபோது குட்டி சத்தமே போடாமல் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "எவ்ளோ சமத்து!" என்று மெச்சினோமே, பாவி!

அன்றிலிருந்து, வேலை தலைக்கு மேல் கிடந்தாலும், ஆறு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டுக் கதவோரம் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேற யாரும் வரமாட்டாங்கடி. ராத்திரிக்கும் நான்தான், காலைலயும் நான்தான்."

குட்டி கதவையே பார்த்தாள். ஒரு மாதமா, இரண்டு மாதமா? எட்டு மாதம். ஒரே ஒரு தடவையாவது இவள் என்னைத் தேட மாட்டாளா என்று ஏங்கி ஏங்கித் தையல்காரி பாதியாகிவிட்டாள்.

ஒரு மத்தியானம் குட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நூல் வாங்கப் போனாள். கடையில் கூட்டம், முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பும்போது தெருமுனையிலேயே அலறல் கேட்டது.

"இந்தா, உன் பொண்ணைப் பிடி! நீ போனதுலேருந்து ஒரே ஒப்பாரி. என்னைக் கிட்டவே சேர்க்கல. தங்கமா இருந்த புள்ளைக்குச் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க!" என்று அக்கா பொரிந்து தள்ளினாள்.

கண்ணீரும் சளியுமாகக் குட்டி ஓடி வந்தாள். கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. தையல்காரியின் முழங்காலில் இரண்டு கையாலும் அடி அடியென்று அடித்தாள். "ஏன் போன? ஏன் போன?"

தையல்காரி பையைக் கீழே போட்டுவிட்டு, மகளுக்கு எட்டும்படி தெருவிலேயே உட்கார்ந்தாள்.

"தப்புதான்டி. நல்லா அடி" என்றாள்.