இரண்டு முறை கூட்டிய இரண்டரை மணி

“3 மார்ச். இந்திய நேரம் மலேசிய நேரமாக மாற்றப்பட்டது. இனித் தொட வேண்டாம்.” எங்கள் தோட்டத்து முருகன் கோயிலின் திருவிழா நாட்களைக் கணிக்க, பாஸ்கல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலின் நடுவில் இந்தக் குறிப்பு இருக்கிறது. ஆண்டு இல்லை. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், தொடர்பும் இல்லை.

கோயில் கோலா சிலாங்கூருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவில். நிரல் ஓடிய கணினி அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியதால், புக்கிட் செந்தோசாவில் என் வீட்டில் உட்கார்ந்து அதை ஹாஸ்கெல் என்ற வேறொரு கணினி மொழியில் மாற்றி எழுதினேன். பாஸ்கலில் ஒரு மாறியின் மதிப்பைப் போகிற வழியில் எந்தப் பகுதியும் மாற்றிவிடலாம். ஹாஸ்கெலில் ஒரு மதிப்புக்குப் பெயர் வைத்தால் அது அப்படியே நிற்கும். மாற்றம் வேண்டுமென்றால் புது மதிப்புதான் பிறக்கும்.

இந்த ஆண்டு நாட்களுக்கு இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டேன். பெரும்பாலும் ஒத்துப்போயின. பங்குனி உத்திரத்துக்கு மட்டும் பழையது ஞாயிறு என்றது, புதியது சனி என்றது.

என் பிழை என்றுதான் நினைத்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், ஏற்கெனவே சரிபார்த்த வரிகளையே மறுபடி படித்தேன். உட்கார முடியாததற்குக் காரணம் என் அக்கா. ஆண்டுதோறும் உத்திரத்தன்று அங்கே பால்குடம் எடுப்பவள், விரதத்தில் இருந்தாள். ரவாங் தொழிற்சாலையில் கெஞ்சி வாங்கிய விடுப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு.

பிழை பழையதில் இருந்தது. நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டும் பகுதி, கூட்டியதை அதே மாறியில் வைத்துவிடுகிறது. நட்சத்திரம் விடியலை ஒட்டி முடிந்தால் நிரல் இன்னொரு முறை சரிபார்க்கும். அப்போது கூட்டியதன் மேலேயே மறுபடி கூட்டும். மறுநாள் விடியுமுன் முடிந்த உத்திரம் விடிந்த பின்னும் இருப்பதாகி, திருவிழா அந்த மறுநாளுக்குத் தள்ளிப்போகும். இந்தியாவில் அச்சான பஞ்சாங்கத்தை எடுத்துக் கையால் கணக்கிட்டேன். சனிதான்.

கோயிலுக்கே போய்த் தலைவரிடம் சொன்னேன்.

“தம்பி, நோட்டீஸ் அடிச்சு ஒட்டியாச்சு. கெர்லிங்ல இருந்து பஸ் பேசியாச்சு. இப்ப வந்து சனிக்கிழமைங்கிறீங்க.”

“பழைய கணக்குல தப்புண்ணே.”

“இருக்கட்டும்லா. தோட்டத்த வித்து சனமெல்லாம் செதறிப்போச்சு. ஞாயித்துக்கிழமைன்னாதான் வருது. முருகன் மட்டும் அன்னிக்கு லீவு போட்டுட்டு எங்க போயிருவாரு?”

இதுவரை யாரும் கேள்வி கேட்காததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. தள்ளிப்போன நாள் ஞாயிறாக விழுந்தால் எல்லாருக்கும் அதுதான் வசதி.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“டேய், நான் வேண்டிக்கிட்டது உத்திரத்துக்கு. ஞாயித்துக்கிழமைக்கு இல்ல.”

“சனிக்கிழமை உனக்கு வேலை இருக்கேக்கா.”

“சூப்பர்வைசர்கிட்ட என்னன்னு சொல்றது? சாமி தேதிய மாத்திட்டாருன்னா? ஒன் கம்ப்யூட்டர தூக்கிட்டு வந்து நீயே சொல்லு.”

கடைசியில் அவளே ஒரு தோழியோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். சனிக்கிழமை காலை மேளம் இல்லை, கூட்டம் இல்லை. அர்ச்சகர், அத்தான், நான். பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்த இடத்தைச் சுற்றி அக்கா பால்குடத்தோடு நடந்தாள்.

அபிஷேகம் முடிந்து வெளியே வந்ததும் கேட்டாள்: “நான் குடம் எடுத்த மொத வருசம்? எம் பையன் ஆஸ்பத்திரியிலேருந்து பொழச்சு வந்தானே, அந்த வருசம். அது சரியான நாளாடா?”

அந்த ஆண்டுக்கும் இரண்டு நிரல்களையும் ஓட்டினேன். அதிலும் ஒரு நாள் வித்தியாசம் வருகிறது. எந்தக் கிழமை எடுத்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. கோயில் அப்போதே இந்த நிரலை நம்பியதா, பஞ்சாங்கத்தைப் பார்த்ததா என்று தலைவருக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டின் நோட்டீஸ் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே, அவள் முதல் பால்குடம் எடுத்தது உத்திரத்தன்றுதானா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை. அவளிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.