பலாக்காயைத் தட்டிய கை

அது பணம் போட ஆள் தேடி நாங்கள் ஏறிய ஐந்தாவது மேடை. முதல் நான்கிலும் கைதட்டினார்கள், விசிட்டிங் கார்டு கொடுத்தார்கள், அதோடு சரி. ஐந்தாவதற்குக் கிளம்பும்போது என்னிடம் நம்பிக்கை இல்லை, இடுப்பு வலிதான் இருந்தது. மலைமேல் இருக்கிற எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, மடியில் ஒரு பலாக்காயோடு சேலம் வரை போவதென்றால் சும்மாவா?

என் தோழி மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஏறிக்கொண்டாள். கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்ச். பலாவைத் தட்டும் சத்தத்தைச் செல்போனில் கேட்டு, அது பழமா, இல்லை எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்கிற ஆப்பை எழுதியவள் அவள். தட்டியது நான். ஒரு பருவம் முழுக்க மரம் மரமாகத் தட்டினேன், அவள் பதிவு செய்தாள். என் விரல் முட்டி வீங்கியதுதான் மிச்சம். மலையில் யாருக்கும் அந்த ஆப் தேவையில்லை. பலாவைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகப் போய்விடும். டவுன் கடைக்காரர்களுக்காகத்தான் அதைச் செய்தோம்.

இதற்காக அவள் கல்லூரியிலேயே கிடைத்த வேலையை வேண்டாம் என்றிருந்தாள். வீட்டில் ஒரு வருடம் பொறுத்தார்கள். இந்தத் தடவையும் யாரும் பணம் போடவில்லையென்றால், திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனி ஆபீசில் போய் உட்கார வேண்டும். "இன்னிக்கி ஆகலைன்னா என்ற கதை முடிஞ்சுதுடி" என்று பஸ்ஸிலேயே சொன்னாள்.

ஹோட்டல் ஹாலில் முதலீட்டாளர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நன்றாகத்தான் பேசினாள். பிறகு நான் காயைத் தட்டினேன், அவள் போனை நீட்டினாள். பாழாய்ப்போன ஏசி தலைக்கு மேலே லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. திரையில் வந்தது: 'பழம். இன்றே வெட்டலாம்.'

நடுவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா என்னைப் பார்த்தார். "நீங்க மலைக்காரங்கதானே? சரியாத்தான் சொல்லுதா?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் என் கை அதற்குள் காயை இன்னொரு முறை தட்டிவிட்டது. வாயும் சும்மா இருக்கவில்லை. "இல்லீங்க, இன்னும் மூணு நாள் ஆகுங்க."

ஹாலே சிரித்தது. ஓரத்தில் இருந்தவர், "அப்புறம் ஆப் எதுக்குங்க? உங்களையே கடை கடையா அனுப்பிட்டாப் போச்சு!" என்றார். நானும் அசடு மாதிரி கூடவே சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் போனை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் காயை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. களைப்பில் நான் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனேன். முள்ளுக்குறிச்சி வந்ததும் என்னை எழுப்பி, காயை என் மடிக்கு மாற்றி, "வாரேண்டி" என்று இறங்கிப் போனாள்.

மலை ஏறி மூன்றாவது வளைவில்தான் எனக்குப் பதில் வந்தது. 'டவுன்காரங்களுக்கு என்ற கை இல்லீங்களே, அதுக்குத்தான் இந்த ஆப்.' எவ்வளவு சுலபமான பதில்! பக்கத்தில் இருந்தவரிடமா சொல்ல முடியும்?

மலைமேல் சோளக்காடு ஊரில் பஸ் மாற நின்றபோது, பழம் விற்கிற அக்கா கேட்காமலேயே காயைத் தட்டினார். "இன்னும் மூணு நாள் ஆகும் கண்ணு." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் திணித்தார்.

மூன்றாம் நாள் காலையிலேயே வீடு முழுக்க வாசம். அம்மா வெட்டி வைத்த சுளை அப்படி இனித்தது. நான் ஒரு சுளையோடு நிறுத்திக்கொண்டேன். அன்று மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"அந்தக் காய் என்னாச்சுடி?"

ஹாலில் வராத பொய் அப்போது வந்தது. "அன்னிக்குச் சாயங்காலமே வெட்டிட்டோம். நல்ல பழம். உன்ற ஆப் சொன்னதுதான் சரி."



"போடி, பொய் சொல்லாத," என்றாள். "பஸ்ஸுல நீ தூங்குனப்ப நானும் தட்டிப் பாத்தேன்."