மலை வந்து கதவைத் தட்டியது

என் அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பதினாலு பிள்ளைகள், காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. ஹாரன் அடிக்கிற பழக்கமே கிடையாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு இழுப்பு இழுப்பாள். மூன்றாவது மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அது கேட்கும், அடுத்த தெருவில் தூங்குகிறவருக்கும் கேட்கும். அப்படித் தூக்கம் கலைந்த ஒருத்தர் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார். "ஹாரனை விட இது சுதியா இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்" என்றாள் அண்ணி. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு போனார்.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வேலை ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் 'ட்ராக்' பாடுவது. பெரிய பாடகிகளுக்கு வந்து உட்கார்ந்து மெட்டுப் படிக்க நேரமிருக்காது. அதனால் முன்கூட்டியே வேறு ஒருத்தி முழுப் பாட்டையும் பாடி வைப்பாள். பெரிய பாடகி வந்து அதைக் கேட்டுவிட்டுத் தன் குரலில் பாடுவார். அப்புறம் முதலில் பாடியதை அழித்துவிடுவார்கள். அந்த வேறு ஒருத்திதான் அண்ணி. எந்தப் பாடகிக்காகப் பாடுகிறாளோ அவரைப் போலவே பாட வேண்டும், அதுதான் தொழில் சுத்தம். ஒன்பது வருஷத்தில் நானூறு பாட்டு பாடியிருப்பாள். ஒன்றில்கூட அவள் குரல் கிடையாது. "நான் பாடினதுக்கு ஒரே சாட்சி உங்க அண்ணன்தான். அவரும் அப்ப தூங்கிட்டு இருந்தார்" என்று சிரிப்பாள்.

அண்ணன் பிரிட்ஜ் மெக்கானிக். குழந்தை பிறந்த பிறகு, வேளை கெட்ட வேளையில் ஸ்டூடியோவுக்கு ஓட முடியாமல் அண்ணி அந்த வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் வேன் டிரைவர் வராமல் போக, தெருவில் பிள்ளைகளெல்லாம் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணனின் பழைய வேனை எடுத்து, பின்னால் கிடந்த இரண்டு கம்ப்ரஸரை இறக்கி வைத்துவிட்டு, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனாள். மறுநாளும் போனாள். அப்படியே பதினேழு வருஷம் ஆகிவிட்டது. மகள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்கே போய்விட்டாள்.

இது போன வருஷம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அண்ணி, இதைக் கேளுங்களேன். சில்லம்மாவோட வெளிவராத பாட்டாம்" என்று போனை நீட்டினேன்.

சில்லம்மா என்றால் எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பாப் பாட்டுக்காரி. கீழ்க்குரலில் பாடும்போது ஒரு இடத்தில் குரல் லேசாகச் சில்லு உடைந்த மாதிரி கீறும். அந்தக் கீறலுக்காகவே ஜனங்கள் உயிரை விட்டார்கள். பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். அவர் காலமாகி ஆறு வருஷம் இருக்கும். இப்போது ஒரு இளம் இசையமைப்பாளர் பழைய டேப் ஒன்றில் அவர் பாடி வெளியாகாத பாட்டைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிப் புது இசை போட்டு, பத்து நாளில் வெளியிடப் போவதாக அறிவித்திருந்தார். எந்நேரமும் தொப்பியோடு இருப்பதால் அவருக்குத் தொப்பி என்றே பெயர். முன்னோட்டமாக இருபது விநாடி மட்டும் விட்டிருந்தார்.

*மலை வந்து கதவைத் தட்டுது,*
*குடையோட திறந்தேன் நானே...*

கேட்டதும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஊரே அப்படித்தான் ஆகியிருந்தது. மலை என்றால் மரணம், குடை என்றால் மனிதனின் சின்ன நம்பிக்கை, சாவைப் பற்றி முன்னாலேயே பாடிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். ஒரு பேராசிரியர் பதினோரு நிமிஷம் வீடியோவில் விளக்கியிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தால், அண்ணி கையிலிருந்த குழாய்த் தண்ணீர் எதிர்வீட்டுக்காரரின் செருப்பை நிரப்பிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றாள். போட்டேன்.

"ஐயையோ. இது நான்டி!"

"எது?"

"இந்த மேல போற இடம் பூரா நான்தான். சில்லம்மாவுக்கு அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்தது. கீழ வர்ற சரணம் ரெண்டையும் பாடிட்டு, 'பல்லவியை இந்தப் பொண்ணு பாடி வைக்கட்டும், அடுத்த வாரம் வந்து பாடறேன்'னு சொன்னாங்க. அதுக்குள்ள அந்தக் கேஸட் கம்பெனியையே மூடிட்டாங்க. அது மலை இல்லடி, மழை! மழை வந்து கதவைத் தட்டுது. பாட்டு எழுதினவர் போன்ல வரி சொன்னார், லைன் சரியில்ல, எனக்கு மலைன்னு கேட்டுச்சு. அன்னைக்கே திட்டு வாங்கினேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்த அண்ணன், "விடும்மா. உன் குரல்னு யாருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

"என் குரலைப் பத்தி யாருங்க பேசினா? அந்தம்மா ஆயுசுக்கும் ழகரத்துல ஒரு தப்பு பண்ணினதில்ல. நான் பண்ணின தப்பைப் போன மனுஷி தலையில கட்டறாங்களே. அதை எப்படிங்க விடறது?"

தொப்பியின் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டோம். எடுத்த பெண், "தினம் நாலு பேர் அது நான்தான்னு கூப்பிடறாங்கம்மா. நேத்து ஒரு ஆம்பளை கூட கூப்பிட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை நடை முடிந்ததும், அண்ணி வேனை நேரே ஸ்டூடியோவுக்கு விட்டாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் மருந்துக்கடை வேலைக்கு லீவு போட வைத்துக் கூட்டிப்போனாள். வாசல் காவலாளி மஞ்சள் வேனைப் பார்த்து, ஏதோ பிள்ளைகள் கோரஸ் பாட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே தொப்பி இருந்தார். சோபாவில் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் சில்லம்மாவின் மகள், பல் டாக்டர். பாட்டைக் கேட்டுச் சம்மதம் சொல்ல வந்திருந்தாள்.

அண்ணி விஷயத்தைச் சொன்னாள். தொப்பி பொறுமையாகத்தான் கேட்டார். "அம்மா, டேப் டப்பா மேல சில்லம்மா பேரு மட்டும்தான் இருக்கு. வேற யாரும் பாடினதா ஒரு குறிப்பும் இல்லையே."

"ட்ராக் பாடறவங்க பேரை டப்பா மேல எழுத மாட்டாங்க தம்பி."

"சரி, அப்ப இப்பப் பாடிக் காட்டுங்களேன்."

அண்ணி கண்ணாடி அறைக்குள் போனாள். இருபத்து நாலு வருஷம் கழித்து ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினாள். ஆரம்பம் நன்றாக இருந்தது. ஆனால் மேலே போகவேண்டிய இடத்தில் குரல் பாதிவழியில் நின்று, பழைய வேன் மேட்டில் திணறுகிற மாதிரி திணறி, கீழே இறங்கிவிட்டது. இன்னொரு தடவை பாடினாள். அதுவும் அப்படியே. தொப்பி பட்டனை அழுத்தி, "பரவாயில்லம்மா, வெளிய வாங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கம் எனக்கே சுட்டது.

அண்ணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வயசாயிடுச்சுடி. அந்த உசரம் இப்ப வராது. வா, போகலாம்."

எழுந்துவிட்டோம். அப்போதுதான் எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "அண்ணி, திட்டு வாங்கினேன்னு சொன்னீங்களே, யார் திட்டினது?"

"சில்லம்மாதான். பாடி முடிச்சதும் கதவைத் திறந்துகிட்டு உள்ளயே வந்துட்டாங்க."

"மைக் ஓடிட்டு இருந்துதா?"

அண்ணி தொப்பியைப் பார்த்தாள். தொப்பி என்னைப் பார்த்தார். "பாட்டு முடிஞ்சதும் நாங்க நிறுத்திட்டோம். அதுக்கப்புறம் வெறும் இரைச்சல்தான்" என்று சொல்லிக்கொண்டே டேப்பை ஓடவிட்டார். இரைச்சல் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அரை நிமிஷத்துக்குமேல் ஆனது. ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏ பொண்ணு! மலைன்னு பாடிட்டியேடி! மலை எப்படிடி வந்து கதவைத் தட்டும்?"

"ஐயோ, மலை இல்லையாம்மா? நானும் ஏதோ பெரிய தத்துவம் போலன்னு நினைச்சேன்!"

அதற்கப்புறம் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம். ஒருத்தி சிரிப்பில் இருமினாள், அது சில்லம்மா. "மலை வந்தா குடை எதுக்குடி, அடியில மாட்டிக்கிட்டா பிடிச்சுக்கவா? சரி போ, போய்ச் சாப்பிடு, முகம் வாடியிருக்கு. அடுத்த வாரம் நான் பாத்துக்கறேன்." கதவு சாத்துகிற சத்தத்தோடு டேப் தீர்ந்தது.

பல் டாக்டர் மடியிலிருந்த கோட்டில் முகத்தை வைத்துக்கொண்டாள். தொப்பி தன் தொப்பியைக் கழற்றினார். உள்ளே வழுக்கை. அன்றைக்கு அதைப் பார்த்த மூன்று பேரில் நானும் ஒருத்தி.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் நிமிர்ந்தாள். அழுதிருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா பாடினது எவ்வளவோ இருக்கு. கடைத்தெருவுல, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் கேக்குது. ஆனா அம்மா வீட்டுல பேசற மாதிரி பேசி, இப்படி இருமி இருமிச் சிரிக்கறது ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல ஆண்டி. இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

ஐந்து தடவை போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் தொப்பிக்குப் பிரச்சினையின் கனம் உறைத்தது. ஊரெல்லாம் மலைக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறது, பத்து நாளில் பாட்டு வர வேண்டும். "அந்தப் பல்லவியையே எடுத்துடட்டுமா? சரணத்தை மட்டும் வச்சு..." என்று இழுத்தார்.

"அதைத்தான் செய்யணும். அழிச்சுடுங்க தம்பி" என்றாள் அண்ணி. அவளுக்குப் பழக்கமான முடிவு அதுதான்.

"அழிக்கறதா?" டாக்டர் குரல் உயர்ந்தது. "யாரும் எதையும் அழிக்கக் கூடாது. தப்பும் இருக்கட்டும், அம்மா திட்டறதும் இருக்கட்டும். அதுக்கப்புறம் ஆண்டி இப்ப இருக்கற குரல்ல சரியா பாடட்டும். அப்படின்னா நான் கையெழுத்துப் போடறேன். இல்லன்னா இல்ல."

"என் குரல் மேல போகலையேம்மா."

"போக வேண்டாம்" என்றார் தொப்பி. தொப்பி மறுபடி தலைக்கு ஏறியிருந்தது, கண்ணில் புது வெளிச்சம். "சுதியைக் குறைச்சிடறேன். நீங்க எங்க நிக்கறீங்களோ, பாட்டு அங்க வரும்."

நாலு நாள் ஒத்திகை, எல்லாம் காலை நடைக்கும் சாயங்கால நடைக்கும் நடுவில். முதல் இரண்டு நாள் அண்ணி பாடியதெல்லாம் சில்லம்மா மாதிரியே இருந்தது, அந்தக் கீறல் உட்பட. வேறு யாரைப் போலவோ பாடித்தானே அவளுக்குப் பழக்கம். மூன்றாம் நாள் தொப்பி தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, உங்க குரல்ல பாடுங்களேன்" என்று கெஞ்சினார். "அது எப்படி இருக்கும்னு எனக்கே தெரியலையே தம்பி" என்றாள் அண்ணி. கூட வந்திருந்த அண்ணன்தான் மூலையிலிருந்து குரல் கொடுத்தான்: "காலையில பிள்ளைங்களைக் கூப்பிடுவியே, அப்படிப் பாடேன்."

அப்படிப் பாடினாள். மழை என்கிற சொல்லில் ழகரம் அப்படி ஒரு அழகாய் மடங்கி விழுந்தது. இசைக்கருவி வாசிக்கிறவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதற்காக இன்னொரு தடவை எடுக்கவேண்டியதாயிற்று.

சொன்ன தேதியில் பாட்டு வெளிவந்தது. சில்லம்மாவின் சரணம், அண்ணியின் பழைய பல்லவி, திட்டு, சிரிப்பு, பிறகு அண்ணியின் புதுக் குரல். அட்டையில் இரண்டு பெயர், ஒரே அளவு எழுத்தில். சில்லம்மா சிரிக்கிற இடத்தில் ஜனங்கள் அழுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அண்ணியின் மகள் போன் செய்து, "ஆபீஸ்ல எல்லாரும் இதையே போடறாங்கம்மா, அது எங்க அம்மான்னா ஒருத்தரும் நம்பல" என்று அழாத குறையாகச் சொன்னாள். பேராசிரியர் தன் வீடியோவை எடுத்துவிட்டார். ஒரே ஒரு ரசிகர் மட்டும் இன்றைக்கும் விடாப்பிடியாக, மலையே சரி, மழைதான் தப்பு என்று எழுதிக்கொண்டிருக்கிறார். அண்ணிக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

வேன் வேலையை அவள் விடவில்லை. தொப்பி அடுத்தடுத்த பாட்டுக்குக் கூப்பிடும்போது, "பத்துலேருந்து ரெண்டு வரைக்கும்னா வரேன்" என்கிறாள். பல் டாக்டர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து அண்ணியிடம் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படியே அண்ணனின் கடைவாய்ப் பல்லையும் சரிசெய்துவிட்டாள்.

போன வியாழக்கிழமை ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் நடுரோட்டில் வேனைக் கைகாட்டி நிறுத்தினார். உள்ளே பதினாலு பிள்ளைகளும் கப்சிப். அண்ணி லைசென்ஸைத் தேடி எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. தன் போனை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டி, "வீட்டுக்காரம்மா லைன்ல இருக்காங்கம்மா, எம்மேல கோவமா இருக்காங்க. ரெண்டு வரி பாடினீங்கன்னா..." என்று குழைந்தார். அண்ணி பாடினாள். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ்காரர் கை தன்னையறியாமல் தாளம் போட்டதில் நாலு பக்கத்து வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பி, சிக்கிக்கொண்டு, ரோடு சரியாக இருபது நிமிஷம் ஆனது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் வேன் தாமதமானதற்குக் காரணம் எழுதச் சொன்னார்கள். அண்ணி உண்மையையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்: ஒரு குடும்பத்தில் சண்டை தீர்த்து வைத்ததால்.