இருமாமல் ஊதிய ஒரு டேக்

என் தலைமையில் ஒரு ஜாஸ் குழு பாட்டுப் பதிவு செய்தது என்றால் திருப்பூரில் யார் நம்புவார்கள்? ஜாஸா, அது என்ன ரகத் துணி என்று கேட்பார்கள். கம்பெனிக்குத் துணி வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் விட்டுப்போன சிடியில்தான் அந்த இசை என்னைப் பிடித்தது. பனியன் செக்கிங்கில் வேலை, கையில் கிடார், மண்டை நிறையக் கர்வம். தலைவன் ஆக இது போதாதா?

குழுவில் மூன்றே பேர். நான், டிரம்ஸ் அடிக்க ஒரு டெய்லர், கிளாரினெட் ஊதச் சாத்தான்குளம் பக்கத்து அண்ணன் ஒருவர். ஊரில் சர்ச் பேண்டில் ஊதியவர். இங்கே துணியில் பஞ்சு கிளப்பும் மிஷினில் நின்றார். புருவமெல்லாம் பஞ்சு. இருமல் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

திருப்பூர் மண்ணரைப் பகுதியில் என் அறையை ஒட்டி, பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட். ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். கரண்ட் போனால்தான் அந்த இரைச்சல் அடங்கும். மின்வெட்டு வந்ததும் பேட்டரி போட்ட டேப் ரிக்கார்டரைத் தட்டுவோம். இருந்தது ஒரே கேசட். தப்பு வந்தால் பின்னுக்கு ஓட்டி அதன் மேலேயே பதிவேன். செக்கிங்காரன் புத்தி. சின்ன ஓட்டை இருந்தாலும் பீஸ் ரிஜெக்ட்.

பெரும்பாலும் அவர் இருமல்தான் கெடுக்கும். "ஏனுங்ண்ணா, ரெண்டு நிமிசம் அடக்க முடியாதுங்களா?" என்பேன். மரியாதை குறையாமலே மனுஷனைக் குத்த எங்கள் கொங்குக்காரர்களுக்குத் தெரியும். "மன்னிச்சிருடே" என்று நெஞ்சைத் தேய்த்துக்கொள்வார். சே, என்ன ஜென்மம் நான்!

ஒரு ஞாயிறு, ஒரு டேக்கில் பாட்டின் ஆரம்பம் முதல் முடிவு வரை அவர் இருமவே இல்லை. டெய்லர் குச்சியைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நடுவில் என் விரல் வழுக்கி கிடாரில் ஒரு கார்டு தப்பியிருந்தது. அவர்கள் கவனிக்கவில்லை. அவர்கள் போனதும் அழித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடி ஊதினால் போச்சு என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மூச்சுத் திணறியதால் அவரை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டிருந்தார்கள். மிச்சப் பாட்டுகளை நானும் டெய்லரும் முடித்தோம். ஒரு குறை சொல்ல முடியாது.

மறுவருஷம் அவர் போன் செய்தார். "ஏடே, நான் இருமாம ஊதுனேன்லா, அந்தக் கேசட்ட அனுப்பு. இனிமே என்னால ஊத ஏலாது. நான் ஊதுவேன்னா எம்மவ நம்ப மாட்டேங்கா." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

பொய் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "அத அழிச்சுட்டனுங்ண்ணா. அதுல என்ற கை தப்புப் பண்ணீருச்சுங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீயே அவகிட்டச் சொல்லு" என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டார்.

"மாமா, எங்கப்பா நெசமாவே ஊதுவாவளா?"

"ஊதுவாருங் கண்ணு. ஒரு தப்பில்லாம ஊதுனாரு. தப்பு என்னுது. அதனால கேசட்ட அழிச்சுட்டேன்."

பிள்ளை விடவில்லை.

"தப்பு உங்களுதுன்னா, எங்கப்பாவ ஏன் அழிச்சீங்க?"