மருமக கையில ஊமையாப் போன ரிமோட்டு

ரேணிகுண்டா ரோட்டுல தக்காளி லாரி ஒண்ணு கவுந்துச்சே, ஞாபகம் இர்க்குதா? ஜனம் பக்கெட்டத் தூக்கிக்கினு ஓடிச்சி. எங்க தெருவுல ரெண்டு வாரத்துக்கு எந்த வூட்டுக்குப் போனாலும் தக்காளித் தொக்கு தான். அந்த லாரி கவுந்து நாலாம் நாளு ஆயுத பூஜை. பூஜை முடிஞ்சி அஞ்சாறு நாள்ல நடந்தது தான் நான் சொல்ல வந்தது. தேதி கேட்டா எனக்குத் தெரியாது. தக்காளிய வெச்சி தான் சொல்ல முடியும்.

திருப்பதியில எம் புள்ள வூட்டுல கீறேன். சொந்த ஊரு நாகலாபுரத்துப் பக்கம். புள்ளைக்கு ஸ்ரீசிட்டியில ஃபேக்டரி வேலை. விடியக்காலம் பஸ் வந்து இட்டுக்கினு போவும், பொழுது சாய கொண்டாந்து வுடும். பேத்தி ஹாஸ்டல்ல படிக்குது. மருமக ஒரு கண் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்குது, காலையில போயி ரெண்டு மணிக்கு வந்துடும். வேலையில சேந்து அப்ப மூணு மாசம் தான். அதுக்கு முன்னால பதினாலு வருசம் வூட்டோட இர்ந்த பொண்ணு.

வேலைக்குப் போன மொத வாரம் எங்கிட்ட சொல்லுச்சி: "அங்க எல்லாரும் என்னைப் பேரு சொல்லிக் கூப்புடறாங்க மாமா."

இதுல இன்னா அதிசயம்னு நெனச்சேன். அப்பால தான் யோசிச்சிப் பாத்தேன். நம்ம வூட்டுல யாரு அதப் பேரு சொல்லிக் கூப்புட்டோம்? நான் "ம்மா"ன்றேன். அவன் "ஏய்"ன்றான். தெருவுல இர்க்கறவங்களுக்கு அது இன்னாரு சம்சாரம். அவ்ளோ தான்.

தெருவுல ரெண்டு வூட்டுல திருட்டுப் போச்சின்னு எம் புள்ள வாசக் கதவுக்கு அலாரம் வெச்சிருந்தான். எல்லாரும் வெளிய போனா பூட்டிட்டு ரிமோட்டுல ஒரு பட்டன அமுக்கணும். திரும்பி வந்தா நடுவுல கீற இன்னொரு பட்டன அமுக்கிட்டு தான் கதவத் தொறக்கணும். மறந்துட்டுத் தொறந்தா சைரன் ஊளையிடும். ரிமோட்டு ரெண்டு, மாங்கொட்டையில பாதி அளவு. ஒண்ணு புள்ள கிட்ட, ஒண்ணு மருமக சாவிக்கொத்துல. நான் வூட்டுல இர்ந்தா அலாரமே போட மாட்டோம்.

அன்னிக்கி நான் காலையிலயே பெரியாஸ்பத்திரி க்யூவுல பி.பி. மாத்திர வாங்கப் போயிட்டேன். மருமக பூட்டிட்டு டூட்டிக்குப் போயிருக்குது. மத்தியானம் ரெண்டு பேரும் தெருமுனையில சேந்துக்கினு வந்தோம். அது பட்டன அமுக்கிட்டுக் கதவத் தொறந்துச்சி பாருங்க, சைரன் ஆரம்பிச்சிடுச்சி. அமுக்குது, அமுக்குது, நிக்கவே இல்ல. புள்ளைக்கு ஃபோன் போட்டா அவன் எடுக்கல, ஃபேக்டரி உள்ள ஃபோன வாங்கி வெச்சிக்குவாங்க. எதிர்வூட்டுக்காரரு ஸ்டூல் மேல ஏறி, ஒரு தலகாணிய சைரன் மேல வெச்சி என் துண்டால கட்டினாரு. அப்பவும் போர்வைக்குள்ள புள்ள அழுவற மாதிரி கேட்டுக்கினே இர்ந்துச்சி. தெருவே நின்னு வேடிக்க பாக்குது. "தன் வூட்டுலயே திருட வந்தியாம்மா?"ன்னு ஒருத்தரு கேட்டு சிரிச்சாரு. மருமக தலை நிமிரல.

சாயங்காலம் எம் புள்ள வந்து அவன் ரிமோட்ட அமுக்கினான். பட்டுனு நின்னுடுச்சி. அப்ப அலாரப் பொட்டி நல்லா கீது, கோளாறு இந்த ரிமோட்டுல தான்னு ஆயிப்போச்சி.

"தண்ணியில போட்டியா?"ன்னான்.

"போடல. பூஜைக்கு மறுநாளு ஈரத்துணியால தொடச்சேன்."

"அதான. ஒரு ரிமோட்டப் பாத்துக்கத் துப்பில்ல, இவ ஆஸ்பத்திரியப் பாத்துக்கறாளாம். இந்த மாசத்தோட நின்னுடு. ஆள் இல்லாம வூட்டப் போட்டுட்டுப் போறதே தப்பு."

அது அவனுக்கு சோறு போட்டுச்சி. அப்பால போயி திங்கக்கெழம டூட்டிக்கின்னு பொடவைய அலசி கொடியில போட்டுச்சி, மறுநாளு ஞாயித்துக்கெழம, அதுக்கு லீவு தான். அத பாத்ததும் எனக்கு மனசு கேக்கல.

ஞாயித்துக்கெழம புள்ளைக்கு ஷிஃப்டு. எனக்கும் மருமகளுக்கும் அன்னிக்கி ரிமோட்டு தான் பொழப்பு. கடிகாரக் கடையில வட்ட செல்லு வாங்கியாந்து போட்டேன். மொதல்ல தலகீழா போட்டுட்டேன், "எழுத்து மேல பாக்கணும் மாமா"ன்னு அது திருப்பிப் போட்டுச்சி. பூட்டற பட்டன அமுக்கினா செவப்பு லைட்டு மின்னுது. நடு பட்டன அமுக்கினா கம்முனு கீது. உள்ளங்கையில தட்டிப் பாத்தோம். வெயில்ல வெச்சோம். பொட்டிக்கு நேரா மூக்கு மாதிரி ஒட்ட வெச்சி அமுக்கினோம். அலாரம் மாட்டின ஆளுக்கு ஃபோன் போட்டா, அது போச்சி, புதுசு வர பத்து நாளாவும்னு தெலுங்குல சொல்லிட்டு வெச்சிட்டான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பொம்பள செல்ஃபோன் ரிப்பேரு கடை வெச்சினு கீது. நாப்பது வயசு இர்க்கும், தெலுங்குக்காரவங்க. அங்க போனோம். சின்ன ஸ்க்ரூ ஒண்ணு தான், சுத்தி எடுத்து ரிமோட்ட ரெண்டா பொளந்துச்சி. நடு பட்டனுக்கு அடியில ரப்பரு கீது, அதையும் தூக்குச்சி. கீழ மஞ்சளா, காஞ்ச சேறு மாதிரி கெட்டியா ஒட்டிக்கினு கீது. ஊசியால கொஞ்சம் பேத்து மூக்குல வெச்சி மோந்து பாத்துச்சி.

"ஏம் தாத்தா, சந்தனமா?"

அந்த சந்தனத்த வெச்சவன் நான் தான்.

நான் முப்பது வருசம் மாந்தோப்புல மோட்டாரு ஓட்டினவன். ஆயுத பூஜைன்னா மம்பட்டி, அருவா, கடப்பாரை, மோட்டாரு, ஸ்டார்ட்டரு பொட்டி, ஒண்ணு வுட மாட்டேன். எல்லாத்துக்கும் பன்னீர்ல கொழைச்ச சந்தனம், மேல குங்குமம். எத்தினி மோட்டாருக்கு வெச்சிருப்பேன், ஒண்ணாவது கோச்சிக்கினு நின்னுதா? இந்த வருசம் பூஜையன்னிக்கி மருமக டூட்டிக்கிப் போயிருந்துச்சி, சாவிக்கொத்து வூட்டுல இர்ந்துச்சி. வூட்டக் காக்கறது இந்த ரிமோட்டு தான, அருவாள விட இதுக்கு தான் பெருசா வெக்கணும்னு தோணுச்சி. நடுவுல அந்த பட்டன் வேற நெத்தி மாதிரி வட்டமா கீது. வெரல்ல வழிச்சி அமுக்கி வெச்சேன். மறுநாளு அந்தப் பொண்ணு மேலாக தொடச்சிட்டுது, உள்ள போனது உள்ளயே காஞ்சிப் போச்சி. அது தொடச்சதால கெட்டுப் போகல. நான் வெச்சதால கெட்டுது.

கடைக்காரம்மா ஸ்பிரிட்டும் பல்லு வெளக்கற பிரஷ்ஷும் எடுத்துத் தேச்சிக்கினே சொல்லுச்சி: "நீ ஒருத்தன் தான்னு நெனச்சிக்காத தாத்தா. பூஜை முடிஞ்சா எங்களுக்கு சீசன். ஃபோன் ஸ்பீக்கர்ல குங்குமம். கம்ப்யூட்டருக்குள்ள அட்சதை. நேத்து ஒருத்தரு சார்ஜரு ஓட்டைக்கே பொட்டு வெச்சினு வந்தாரு."

மருமக அப்ப தான் சிரிச்சிது. ரெண்டு நாளா காணாத சிரிப்பு. ரிமோட்ட மூடி அமுக்கினா நடு பட்டனுக்கும் லைட்டு மின்னுச்சி.

ஆட்டோவுல வரச்ச, "அவர் கிட்ட சொல்லாதீங்க மாமா"ன்னுச்சி. "தெரிஞ்சா இனிமே எதையும் உங்கள தொட வுட மாட்டாரு. தனியா வெளிய அனுப்பவும் மாட்டாரு."

"உன்ன வேலைய வுட்டு நிக்கச் சொல்லிட்டானேம்மா."

"அது நான் பாத்துக்கறேன்."

இன்னாத்தப் பாத்துக்கும்? திட்டு வாங்கினு கம்முனு இர்க்கறது தான் பாத்துக்கறதா?

எம் புள்ள வந்து சாப்புட உக்காந்தான். தொக்கு தான் அன்னிக்கும். நான் பக்கத்துல போயி உக்காந்துக்கினு சொன்னேன், "ரிமோட்டக் கெடுத்தது நான் தான்டா. பொட்டு வெச்சேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நீ என்னை வூட்ட வுட்டு நிக்கச் சொல்லு, அத வேலைய வுட்டு நிக்கச் சொல்லாத."

அவன் சோத்தப் பெசஞ்சிக்கினே இர்ந்தான். "அலாரத்துக்கு எதுக்கு நைனா பொட்டு?"

"நீ உன் பைக்குக்கு எலுமிச்சம்பயம் நசுக்கலியா?"

ரெண்டு வாய் துன்னான். தண்ணி குடிச்சான். அப்பால மருமக பக்கம் திரும்பாம, "நாளைக்கி எத்தினி மணிக்கு டூட்டி?"ன்னு கேட்டான்.

"எட்டரைக்கு."

"நீ போறப்ப நானே பூட்டிட்டு... இல்ல, எனக்கு பஸ் வந்துடும். நைனா வெளிய போனா அவரே பூட்டட்டும். ரிமோட்ட அவர் கிட்டயே குடுத்துட்டுப் போ."

எனக்குத் தெரிஞ்சி அவன் கேட்ட மன்னிப்பு அவ்ளோ தான். மருமக இன்னும் வேலைக்குப் போய்க்கினு தான் கீது.

உங்க வூட்டுலயும் பூஜை போடுவீங்க. போடுங்க. பொட்ட சாவி வளையத்துல வெய்ங்க, பட்டன் மேல வேணாம். அதையும் மீறி ஏதாவது நின்னு போச்சின்னா, கடைசியா கையில வெச்சிருந்த பொம்பளையத் திட்டறதுக்கு முன்னால, வூட்டுல யாரு பூஜை போட்டாங்கன்னு ஒரு தரம் கேளுங்க. அடுத்த ஆயுத பூஜைக்குள்ள இத உங்களுக்குத் தெரிஞ்ச நாலு பேருக்கு சொல்லிடுங்க.